குழந்தைகளுக்கான இலவச உடல்நலப் பரிசோதனையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும்: பெற்றோர் அறிய வேண்டியவை

தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குப் பிறப்பு முதல் 18 வயது வரை அரசின் செலவில் உடல்நலப் பரிசோதனை செய்யப்படுகிறது. பரிசோதனையில் கண்டறியப்படும் குறைபாட்டிற்கு அறுவை சிகிச்சையோ உள்நோயாளிச் சிகிச்சையோ தேவைப்பட்டால், தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அச்செலவை ஏற்கிறது. இவை இரண்டும் தனித்தனித் திட்டங்கள். முதலாவது, நோயைத் தேடிக் கண்டறிவதற்கானது. இரண்டாவது, கண்டறிந்த நோய்க்கு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதற்கானது. இவ்வேறுபாட்டை அறியாமல், காப்பீட்டு அட்டை கையில் இல்லை என்பதற்காகக் குழந்தையைப் பரிசோதனைக்கே அழைத்து வராத குடும்பங்கள் உண்டு. பரிசோதனைக்கு அட்டை வேண்டியதில்லை. அதற்கு வருமான வரம்பும் இல்லை.

நலமாகத் தோன்றும் குழந்தைக்குப் பரிசோதனை எதற்கு?

பிறவியிலேயே செவித்திறன் இல்லாத குழந்தையும் மற்றக் குழந்தைகளைப் போலவே அழும், சிரிக்கும், முதல் சில மாதங்களில் மழலை ஒலிகளையும் எழுப்பும். பேச்சு வரவில்லையே என்று வீட்டார் கவலைப்படத் தொடங்கும்போது குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டு வயது ஆகியிருக்கும். ஆனால் மூளை மொழியைக் கற்கும் காலம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகவேதான் செவித்திறன் சோதனையைப் பிறந்த ஒரு மாதத்திற்குள்ளும், குறையை உறுதி செய்யும் சோதனையை மூன்று மாதத்திற்குள்ளும், காது கேட்கும் கருவி உள்ளிட்ட சிகிச்சையின் தொடக்கத்தை ஆறு மாதத்திற்குள்ளும் முடிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். “எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பேச்சு தாமதமாகத்தான் வந்தது” என்று பெரியவர்கள் சொல்லும் ஆறுதலை நம்பிக் காத்திருப்பது இவ்விடத்தில் பெருந்தீங்கு விளைவிக்கும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரைப் பாதிப்பு ஏற்படக்கூடும். 34 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2,000 கிராமுக்குக் குறைவான எடையுடன் பிறந்த குழந்தைக்கும், பிறந்த நான்கு வாரங்களுக்குள் கண் மருத்துவர் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். மிகவும் முன்கூட்டியோ மிகக் குறைந்த எடையுடனோ பிறந்திருந்தால் இச்சோதனை இன்னும் முன்னதாகத் தேவை. இப்பாதிப்பை வெளியிலிருந்து பார்த்து அறிய இயலாது. காலம் தவறினால் இழந்த பார்வையை மீட்கவும் இயலாது. குழந்தை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கண் சோதனைக்கு நாள் குறித்துத் தரப்பட்டிருந்தால், குழந்தை எவ்வளவு நன்றாகப் பால் குடித்து எடை கூடியிருந்தாலும் அந்நாளைத் தவற விடாதீர்கள்.

வளைபாதத்துடன் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களிலேயே வாரம் ஒரு முறை மாவுக்கட்டு மாற்றிப் போடும் சிகிச்சையைத் தொடங்கினால், பெரிய அறுவை சிகிச்சையின்றியே பாதம் நேராகும். அதன் பின்னர் நான்கு வயது வரை சிறப்புக் காலணியை அணிவிக்க வேண்டும். குழந்தை நடக்கத் தொடங்கியதும் காலணியைக் கைவிடுவதே பாதம் மீண்டும் வளைவதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

எங்கே, எப்போது பரிசோதனை நடைபெறும்?

தேசிய அளவில் 2013 முதல் நடைபெற்று வரும் ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் சிறார் நலத் திட்டத்தின்கீழ், பிறவிக் குறைபாடுகள், ஊட்டச்சத்துக் குறைபாடுகள், குழந்தைப் பருவ நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என்னும் நான்கு பிரிவுகளில் சுமார் 30 நிலைகள் தேடிக் கண்டறியப்படுகின்றன. பிறந்தவுடன், பிரசவம் நடந்த மருத்துவமனையிலேயே முதல் பரிசோதனை செய்யப்படுகிறது. அதன் பின் ஆறு வாரம் வரை சுகாதாரப் பணியாளர் வீட்டிற்கு வந்து பார்ப்பார். ஆறு வாரம் முதல் ஆறு வயது வரை அங்கன்வாடியில் ஆண்டுக்கு இரு முறையும், ஆறு முதல் 18 வயது வரை அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் ஆண்டுக்கு ஒரு முறையும் நடமாடும் மருத்துவக் குழு வந்து பரிசோதிக்கும்.

அக்குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடமோ வகுப்பாசிரியரிடமோ கேட்டு அறிந்து, அன்று குழந்தையைத் தவறாமல் அனுப்புங்கள். இயன்றால் நீங்களும் உடன் செல்லுங்கள். குழந்தை இரவில் இருமுகிறதா, வலிப்பு வந்ததுண்டா, பால் குடிக்கும்போது வியர்க்கிறதா என்பவற்றை ஓரிரு நிமிடங்களில் மருத்துவரால் கண்டுகொள்ள முடியாது. உடனிருந்து வளர்ப்பவரே சொல்ல முடியும்.

தடுப்பூசிக்கு வரும் நாளும் ஒரு பரிசோதனை நாளே. தமிழ்நாட்டில் வழக்கமாகப் புதன்கிழமைகளில் துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி போடப்படுகிறது. பிறந்தவுடன், 6, 10, 14 வாரங்களில், 9 மாதம் நிறைந்தவுடன், 16 முதல் 24 மாதங்களுக்குள், 5 முதல் 6 வயதில், பின்னர் 10 வயதிலும் 16 வயதிலும் தடுப்பூசிகள் உண்டு. தவணை தவறிவிட்டது என்று தயங்கி நின்றுவிடாதீர்கள். விடுபட்டவற்றுள் வயதிற்கு ஏற்றவற்றைச் செவிலியர் கணக்கிட்டுப் போடுவார். ஒவ்வொரு முறையும் குழந்தையின் எடையைப் பார்க்கச் சொல்லி, தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தில் குறித்துத் தருமாறு கேளுங்கள். ஒரு நாளின் எடையைவிடக் கோடு செல்லும் திசையே முக்கியம். இரண்டு மூன்று மாதங்களாக அது ஏறாமல் கிடையாகவே சென்றால், குழந்தை சுறுசுறுப்பாக விளையாடினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்த பரிசோதனை வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பால் குடிக்கும்போது மூச்சிரைத்து வியர்த்தல், உதடு நீலம் பாரித்தல், கருமணியின் நடுவே வெண்மை தெரிதல், வலிப்பு ஆகியவை காணப்பட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நான்கு மாதம் நிறைந்தும் தலை நிற்காமை, ஒன்பது மாதம் ஆகியும் தானாக உட்காராமை, 18 மாதத்தில் நடவாமை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பாராமை, முன்பு பேசிய சொற்களை மறத்தல் ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் சில நாட்களுக்குள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அணுகுங்கள்.

பரிந்துரைச் சீட்டைக் கிடப்பில் போடாதீர்கள்

பரிசோதனையில் ஐயம் எழுந்தால் மருத்துவக் குழு ஒரு பரிந்துரைச் சீட்டைத் தரும். திட்டத்தின் பயன் முழுவதும் இச்சீட்டைத்தான் சார்ந்திருக்கிறது. வழி தவறுவதும் பெரும்பாலும் இவ்விடத்தில்தான். பள்ளியில் கொடுத்த சீட்டு புத்தகப் பையிலேயே தங்கிவிடுகிறது. பிள்ளை சொல்ல மறந்துவிடுகிறது. அல்லது, கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோர் ஒரு நாள் ஊதியத்தை இழந்து மாவட்டத் தலைநகருக்குச் செல்ல வேண்டியிருப்பதால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடுகின்றனர். பரிசோதனை நடந்த நாளன்று மாலையில் பிள்ளையின் பையை நீங்களே பாருங்கள். சீட்டு இருந்தால், எதற்காக அனுப்புகிறார்கள், எவ்வளவு விரைவில் செல்ல வேண்டும், எந்தக் கிழமையில் அம்மருத்துவர் இருப்பார் என்று ஆசிரியர் வழியாகவோ கிராம சுகாதார செவிலியர் வழியாகவோ கேட்டறிந்து புறப்படுங்கள். வீண் அலைச்சல் குறையும். சீட்டின் நகல் ஒன்றை வீட்டில் வைத்திருங்கள்.

இச்சீட்டு உங்களை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்திற்கு அழைத்துச் செல்லும். டி.இ.ஐ.சி. என்று கேட்டாலும் மருத்துவமனையில் வழி காட்டுவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இம்மையம் இயங்கும். குழந்தை மருத்துவர், செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சி வல்லுநர், இயன்முறைச் சிகிச்சையாளர், உளவியலாளர் முதலியோர் ஒரே இடத்தில் குழந்தையைப் பார்ப்பார்கள். பயிற்சிகளுக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் ஒரு நாள் பயிற்சியால் பலன் கிட்டுவதில்லை. மையத்தில் கற்றுத் தரும் பயிற்சியை வீட்டில் நாள்தோறும் செய்ய வேண்டியிருப்பதால், குழந்தையுடன் அதிக நேரம் இருப்பவர் தாயோ பாட்டியோ எவராயினும் அவரே உடன் வருவது நல்லது.

காப்பீட்டுத் திட்டம்: யாருக்கு, எதற்கு?

ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். 2012 ஜனவரி முதல் செயல்பட்டு வரும் இத்திட்டம், 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. இப்போது ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படுகிறது. இத்தொகை குடும்பம் முழுமைக்கும் பொதுவானது; ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அன்று. வருவாய்த் துறை வழங்கும் வருமானச் சான்று, குடும்ப அட்டை ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கு வருமான வரம்பு இல்லை. பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் வரை, அல்லது திருமணம் ஆகும் வரை, அல்லது 25 வயது வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை குடும்ப உறுப்பினராகக் கருதப்படுவர்.

குடும்ப அட்டையில் பெயர் உள்ளவரே குடும்ப உறுப்பினர் என்று கொள்ளப்படுவதால், பிறந்த குழந்தையின் பெயரை அதில் சேர்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் பிறந்திருந்தால் மருத்துவமனையே அதனைச் செய்யும். குழந்தையின் பெயரை ஓராண்டிற்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பெயர் சூட்டு விழா வரை சான்றிதழில் பெயர் இல்லாதிருப்பது இயல்பே. விழா முடிந்த பின்னும் மறந்துவிடுவதுதான் பின்னர் இடையூறாகிறது.

பிறவி இதயக் குறைபாட்டிற்கான அறுவை சிகிச்சை, காதில் காக்ளியர் கருவி பொருத்துதல், இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை முதலியன இத்திட்டத்தில் அடங்கும். காக்ளியர் சிகிச்சைக்கு வயது வரம்பு உண்டு என்பதால் அதில் தாமதம் கூடாது. சாதாரணக் காய்ச்சலுக்குத் தனியார் மருத்துவரிடம் செலுத்தும் கட்டணம், வெளியில் வாங்கும் மருந்து, தனியாரிடம் போடும் தடுப்பூசி ஆகியவற்றின் செலவை இத்திட்டம் திருப்பித் தராது.

மருத்துவமனையில் செய்ய வேண்டியவை

திட்டத்தில் இணைக்கப்பட்ட மருத்துவமனையில் மட்டுமே இச்சலுகை கிடைக்கும். அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் அப்பட்டியலில் உள்ளன. ஒரு மருத்துவமனை பட்டியலில் இருந்தாலும் எல்லாச் சிகிச்சைகளுக்கும் அனுமதி பெற்றிருக்கும் என்று கொள்ள வேண்டாம். உங்கள் குழந்தைக்குரிய சிகிச்சை அங்கு உண்டா என்பதை முன்பே கேளுங்கள். சேர்ந்தவுடன் அங்குள்ள காப்பீட்டுத் திட்டத் தொடர்பு அலுவலரைப் பார்த்து அட்டையையும் பரிந்துரைச் சீட்டையும் காட்டுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. அதனை மருத்துவமனையே பெறும். முன்பணம் கட்டிவிட்டுப் பின்னர் காப்பீட்டில் பெற்றுக்கொள்ளுமாறு யாரேனும் கூறினால், கட்டுவதற்கு முன் கீழ்க்காணும் கட்டணமில்லா எண்ணில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

உயிருக்கு ஆபத்தான நிலையில் அட்டையைத் தேடி நேரம் கழிக்க வேண்டாம். 108 ஆம்புலன்சை அழையுங்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற அட்டை கட்டாயம் இல்லை.

தனியார் பள்ளியில் பயிலும் பிள்ளைகளும் பள்ளி செல்லாத பிள்ளைகளும்

நடமாடும் மருத்துவக் குழு தனியார் பள்ளிகளுக்கு வழக்கமாக வருவதில்லை. அப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளையும், இடைநின்ற பிள்ளைகளையும் பெற்றோரே ஆண்டுக்கு ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று உயரம், எடை, பார்வை, பற்கள், இரத்தசோகை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லலாம். வருமானம் வரம்பைச் சற்றே தாண்டுவதால் காப்பீட்டில் சேர இயலாத குடும்பங்களும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தை அணுகலாம். சிறார் நலத் திட்டத்தின்கீழ்க் கண்டறியப்பட்ட குறைபாடுகளுக்கு அறுவை சிகிச்சை உட்பட இலவசச் சிகிச்சை அளிக்க அத்திட்டத்திலேயே வழிவகை உள்ளது. காப்பீடு இல்லை என்ற பதிலோடு திரும்பிவிடாமல், அவ்வழியில் சிகிச்சை கிடைக்குமா என்று மைய மருத்துவரிடம் கேளுங்கள்.

காப்பீட்டுத் திட்டம் பற்றிய ஐயங்களுக்கும் புகார்களுக்கும் 1800 425 3993 என்னும் கட்டணமில்லா எண்ணையும், உடல்நலம் பற்றிய ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணையும் அழைக்கலாம். புகார் அளிக்கும்போது குடும்ப அட்டை எண், மருத்துவமனையின் பெயர், சேர்ந்த நாள், கேட்கப்பட்ட தொகை ஆகியவற்றைக் கையில் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.