மலையகத்து நூலாசிரியரும் செவிவழி வாசகரும்

நூலாசிரியனுக்கும் வாசகனுக்கும் இடையே நிகழும் உரையாடலை ஆராய்வோர் பெரும்பாலும் கடிதக் கட்டுகளையே தேடிச் செல்வர். மலையகத்தில் அவற்றைத் தேடுவோர் பெரும்பாலும் வெறுங்கையுடன் மீள்வர். அதனால் அங்கே உரையாடலே நிகழவில்லை என முடிவு கட்டுதல் தவறாகும். யான் ஆசிரியத் தொழில் புரியும் கொத்மலையை உள்ளிட்ட தோட்டப் புறங்களில் அது வேறொரு வழியிலே நிகழ்ந்தது.

1869 இல் அச்சேறிய ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' தோட்டத் தொழிலைப் பாடிய பழைய நூல். கும்மி, உழைக்கும் மக்களுக்குப் பழக்கமான வடிவம். எனினும் அந்நூல் தோட்டத்தை நடத்துவோரின் பக்கம் நின்றே பேசுகின்றது. கேட்டவர் கூறிய மறுமொழிக்கு அதில் இடமில்லை.

தஞ்சையிலிருந்து வந்து 1920 இல் இலங்கையிற் குடியேறிய கோ. நடேசையர் காலத்தில் நிலைமை மாறிற்று. அவர் கொழும்பிலே 1921 இல் 'தேசநேச'னையும், 1924 இல் 'தேசபக்த'னையும் நடத்தத் தொடங்கினார். பத்திரிகையை அச்சிடுதல் எளிது. மலைக்கு அனுப்புதலே அரிது. தோட்டம் தனியார் உடைமை. அனுமதியின்றிக் கால் வைத்தால் அத்துமீறற் குற்றம். தபாற் பையும் முதலில் துரையின் காரியாலயத்துக்கே போய்ச் சேரும். துரையைப் பற்றிய முறைப்பாட்டைத் துரையின் கண்முன்னே எவன் பைக்குள் இடுவான்? எழுத்தறிந்தவரோ மிகச் சிலர்.

ஆதலின் வாசகனைத் தேடி ஆசிரியரே மலையேறினார். புடைவை வியாபாரி வேடத்தில் நடேசையர் தோட்டங்களுக்குட் புகுந்த செய்தியை வரலாற்றாசிரியர் பலர் குறித்துள்ளனர். இதனை வீரச் செயலாக மட்டும் வியப்பது நம்மவர் வழக்கம். எனக்கோ இது ஒரு பத்திரிகாசிரியரின் தேவையாகவே தோன்றுகின்றது. லயத்து வாசலில் மூட்டையை அவிழ்ப்பவனிடம் பெண்கள் விலை மட்டுமா பேசுவர்? கங்காணியின் கணக்கும், கழியாத கடனும், அரைப்பேர்ச் சம்பளமும் தாமே வெளிவரும். அவர் எழுத்துக்கு வேண்டிய செய்தி அவ்வாசல்களிலே கிடைத்தது என எண்ண இடமுண்டு.

1931 இல் அட்டனை நிலைக்களனாகக் கொண்டு அவர் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய பின் உரையாடல் மேடைக்கு வந்தது. அவர் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களிலே பாரதியார் பாடல்களையும் தாம் இயற்றியவற்றையும் பாடினார். அவருடைய பாடல்கள் 1940 இல் சிறு நூலாகவும் வெளிவந்தன. துண்டுப் பிரசுரத்தைப் பறிக்கலாம். காதில் விழுந்த பாட்டைப் பறிக்க முடியாது. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டனர். கேட்டவர் மறுநாள் மலையிலே பாடினர்.

மறுமுனையிலிருந்து வந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. பூண்டுலோயாப் பக்கத்து மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914 இற் பிறந்தவர். தோட்ட வாழ்வைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கவிதை ஆங்கிலத்திலே எழுதப்பட்டமையால், அதிற் பேசப்பட்டவர்களுக்கே அது எட்டவில்லை. சக்தி பாலையாவின் மொழிபெயர்ப்பு 'தேயிலைத் தோட்டத்திலே' என 1969 இல் வந்த பின்னரே அது வீடு திரும்பியது. ஆனால் அவர் செய்த மற்றொரு பணியை யான் இதனினும் பெரிதாக மதிக்கின்றேன். தோட்டத்து மக்கள் வாய்மொழியாகப் பாடியவற்றை அவர் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். அவர் 1984 இல் மறைந்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1987 இல் நூலாயிற்று. கும்மிக்கு எழுதப்படாத மறுமொழி, ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் கழித்து இவ்வாறு அச்சேறிற்று என்பேன்.

அத்தொகுப்பில் அடங்காதவை எத்தனையோ! என் பாட்டியார் கொழுந்தெடுத்தவர், கையெழுத்திட அறியார். கூட்டங்களிற் கேட்ட பாட்டுகளை மாலையிலே பாடுவார். ஆசிரியர் எழுதிய சொல்லை நீக்கித் தம் கங்காணியின் பெயரை அங்கே வைப்பார். புத்தகத்தில் அப்படி இல்லையே என்று பள்ளிச் சிறுவனாகிய யான் திருத்தப் போனேன். "நாங்க அப்பிடித்தாய்யா படிச்சோம்" என்றார். பாடுதலையும் அவர் படித்தல் என்றே சொல்வார். அவற்றுள் ஒன்றையேனும் அன்று யான் எழுதி வைக்கவில்லை.