ரெஜிஸ்டரில் இல்லாத அம்மாயி

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் மூன்று இடங்களில் நின்று கீழே சேலத்தைப் பார்ப்பார்கள்: லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட். கிழவன் கிழவிகளுக்கென்று ஒரு சீட் இல்லை. மலையேறி வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் பெரும்பாலும் முதுமையை பென்ஷனோடு கப்பலேறிப் போய்ச் சொந்த ஊரில் கழித்தார்கள். புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் போலச் சிலர்தான் ஓய்வுக்குப் பிறகு இங்கேயே தங்கினார்கள்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக முளைத்த எஸ்டேட்களில் ஒன்றில்தான் என் அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்தார்கள். லைன் வீட்டில் ஒரே அறை. ஒரு மூலையில் அப்பாயி, இன்னொரு மூலையில் அம்மாயி. ரெண்டு பேருக்கும் இருமல். பழம் பறித்துவிட்டு வந்து ரெண்டு பேருக்கும் கஞ்சி ஊட்டியது, முதுகு தேய்த்தது, துணி அலசியது எல்லாமே அம்மாதான்.

நான் மூன்றாவது படிக்கும்போது அம்மா இருவரையும் எஸ்டேட் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள். கம்பவுண்டர் ரெஜிஸ்டரைப் புரட்டினார். "மாமியாருக்கு மருந்து உண்டு. உங்கம்மா பேரு இதுல இல்லம்மா." அப்பாயிக்குப் பாட்டில் நிறைய மருந்து கிடைத்தது. அம்மாயிக்கு அம்மா பாதியை ஊற்றிக் கொடுத்தாள்.

அவர் ஈவிரக்கமில்லாதவர் என்றே ரொம்ப காலம் நினைத்திருந்தேன். பிறகு சட்டத்தைப் படித்தேன். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவத்தையும் வீட்டையும் தொழிலாளியின் குடும்பத்துக்கும் தந்தது. ஆனால் தொழிலாளி ஆணாக இருந்தால் மட்டுமே அவரை நம்பியிருக்கும் பெற்றோர் குடும்பத்தில் சேர்த்தி. பெண்ணின் பெற்றோரும் சேர்ந்தது 2010 திருத்தத்தில்தான். மணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987லேயே சொல்லிவிட்டது. கடமை வந்து 23 வருஷம் கழித்து உரிமை வந்தது. அம்மாயி அதற்குள் போய்விட்டாள்.

அம்மாவோடு பழம் பறித்த ஒரு அக்கா மலையாளி. இந்த மலையின் பழங்குடி. 1899இல் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் சேர்வராயன் மலையாளிகளை அளந்து எழுதினார். அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு இனம் என்றால் தலையின் அகலம், மூக்கின் நீளம். எனக்குத் தெரிந்த வித்தியாசம் வேறு. அந்த அக்காவின் அம்மா படுத்திருந்தது சொந்தக் குடிசையில். யாரும் ரெஜிஸ்டர் பார்த்து வெளியேற்ற முடியாது. ஆனால் ஊருக்கு ரோடு இல்லை. உடம்பு முடியாவிட்டால் தூளி கட்டித் தூக்கி வரவேண்டும். கீழ்நாட்டிலிருந்து வந்த எங்களுக்கு ரோடு இருந்தது, வீடு இல்லை. வேலை போனால் லைன் வீடும் போகும்.

அமெரிக்காவில் இதை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். வீட்டு முதியவர்களைக் கவனிப்பதில் கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட அதிக நேரம் செலவிடுகிறார்கள். ஆனால் அது பாரமாக இருப்பதாகக் குறைவாகவே சொல்கிறார்கள். பண்பாடு, இறைநம்பிக்கை, குடும்பப் பாசம் என்றெல்லாம் காரணம் சொல்லப்படுகிறது. இருக்கலாம். நான் அம்மாவிடம் கேட்டேன், "ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டது பாரமா இல்லையா?"

"பாரம்னு சொன்னா? யாரு வந்து எறக்கி வெச்சிருப்பா?"

அதைப் பாசம் என்று மட்டும் பதிவு செய்துகொண்டால், மருந்து தராத ரெஜிஸ்டரும் போடாத ரோடும் கணக்கிலிருந்து தப்பித்துக்கொள்ளும்.

இப்போது அம்மா என்னோடு பெங்களூரில் இருக்கிறாள், இடுப்பு எலும்பு முறிந்து. நான் லேப்டாப்போடு மீட்டிங்கில் இருக்க, கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு பெண் அவளைக் கவனித்துக்கொள்கிறாள். "உங்க பாட்டிய யாரும்மா பார்த்துக்கறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கம்மாதாங்கண்ணா. வேலைக்குப் போயிட்டு வந்து பார்ப்பாங்க."

அவள் சமையலறைக்குப் போனதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். "அந்தப் புள்ளைக்கு மாசம் எத்தன நாள் லீவு குடுக்கற?"

சேர்ந்து நாலு மாசம் ஆகியிருந்தது. நான் ஒரு நாள்கூடக் கொடுத்திருக்கவில்லை.