50,000 அடி ஃபிலிம், பேக்கப் இல்லை

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போற கப்பல்ல ஒரு செட்டிநாட்டுப் பையன். கோட்டையூர்க்காரர், ஏ.கே. செட்டியார். இன்னும் 26 வயசு ஆகல. ஜப்பான்லயும் அமெரிக்காவிலயும் போட்டோகிராபி படிச்சவர். அன்னிக்கு காந்தி பிறந்தநாள். காந்தியைப் பற்றி ஒரு டாக்குமென்டரி எடுக்கணும்னு அங்கதான் தோணுது.

காந்தியோட இளமைக்காலத்தைப் போய் ஷூட் பண்ண முடியாதில்ல? அதனால, ஏற்கெனவே யார் யாரோ எடுத்து வச்ச ஃபிலிமைத் தேடி நாடு நாடா அலைஞ்சார். 30 வருஷத்துல கிட்டத்தட்ட 100 கேமராமேன்கள் எடுத்த காட்சிகள், மொத்தம் 50,000 அடி. ஓட விட்டா 9 மணி நேரத்துக்கு மேல வரும். அதை 12,000 அடியா வெட்டி, 1940-ல தமிழ்ல ரிலீஸ் பண்ணார். ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு அதையே தொலைக்கிற எனக்கு இது நம்பவே முடியல.

1943-லிருந்து, 1983-ல இறக்கும் வரைக்கும் ‘குமரி மலர்’ பத்திரிகை நடத்தினார். அதுல பழைய தமிழ் இதழ்கள்ல வந்ததையெல்லாம் தேடி எடுத்து மறுபடி அச்சுல ஏத்தினார். மத்தவங்க எழுத்தை இவ்வளவு பத்திரமா காப்பாத்தின மனுஷனோட சொந்தப் படம் தொலைஞ்சு போச்சு!

1953-ல ஹாலிவுட்ல தயாரான சுருக்கமான ஆங்கில வடிவத்தோட ஒரு பிரதியை, சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஒண்ணுல வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி கண்டுபிடிச்சார். அதை நாம இன்னிக்குப் பார்க்கலாம். 1940-ல நம்ம ஊர் தியேட்டர்ல ஓடின அந்த முழு தமிழ்ப் படம் மட்டும் இன்னும் கிடைக்கல.