தேயிலைப் பெட்டி, படச்சுருள், டேட்டா கார்டு

என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் போகவில்லை. 2012 ஜனவரி. மஸ்கட்டில் வேலையில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, வங்கியில் வருடக் கணக்கு முடிக்கும் நேரம் வேறு. லீவு கேட்க வாயே வரவில்லை. "வீடியோ வரும், பார்த்துக்கோடா" என்றார் அப்பா.

வீடியோ வந்தது. மாப்பிள்ளை அழைப்பு இருந்தது, பந்தி இருந்தது, மாமாக்கள் மொய் எழுதியது இருந்தது. அப்பா தாரை வார்த்துக் கொடுத்த இடம் மட்டும் இல்லை. மூன்று கார்டில் எடுத்திருக்கிறார்கள். நடுக் கார்டை காப்பி எடுத்தாகிவிட்டது என்று நினைத்து, அடுத்த முகூர்த்தத்துக்காக ஸ்டுடியோ பையன் அழித்துவிட்டான். அடுத்த வருடம் அப்பா போய்விட்டார்.

அந்தப் பையனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நம்மைப் போல வெளியூரில் கிடக்கிறவர்களுக்கு, வீட்டு விசேஷம் என்பதே பாதி நேரம் ஒரு கோப்புதான். ஒரு கல்யாணத்துக்கே இப்படி என்றால், கோடிக் கணக்கில் செலவு செய்து சினிமா எடுக்கிறவர்கள் அந்தக் கார்டை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று அப்போது ஒரு கேள்வி வந்தது. அதைத் துழாவப் போனால், கதை எங்கள் பக்கத்து மலையிலேயே கிடைத்தது. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பாலக்காடு ஜில்லா, பேச்சு தமிழ். இடுக்கி எல்லை, தேனி எல்லை எல்லாம் உறவுக்காரர் வீடு மாதிரி.

முதலில் தேயிலை. மூணாறில் விளைந்த தேயிலை லண்டன் போக வேண்டும். கொச்சி பக்கம்தானே என்று நினைப்போம். ஆனால் அந்தக் காலத்தில் சரக்கு கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கம்தான் இறங்கியது. 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டி போட்டார்கள். 1908-இல் அதை இரண்டடி அகல ரயிலாக மாற்றினார்கள். குண்டளை பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் பெட்டிகள் குரங்கணிக்கு இறங்கும். அங்கிருந்து போடிநாயக்கனூர், பிறகு தூத்துக்குடி, பிறகு கப்பல். 1924 வெள்ளத்தில் ரயில் அடியோடு போயிற்று. கேரளத்தில் அதை இன்றும் '99-ஆம் ஆண்டு வெள்ளம்' என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099 அது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரயிலிலிருந்து ரோப்வே, ரோப்வேயிலிருந்து வண்டி, வண்டியிலிருந்து மறுபடி ரயில் என்று சரக்கு பல கை மாறுகிறது. சரக்கு காணாமல் போவது பெரும்பாலும் வழியில் இல்லை, கை மாறும் இடத்தில்தான். வங்கியில் காசு குறைவதும் அப்படியே. பெட்டகத்துக்குள் இருக்கும் பணம் பத்திரம். கேஷியர் கையிலிருந்து அடுத்த கைக்குப் போகும் அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்து.

இரண்டாவது, படச்சுருள். ஒற்றப்பாலம் பக்கம் மனிசேரியில் வரிக்காசேரி மனை இருக்கிறது. 1993-இல் வந்த 'தேவாசுரம்' படத்தில் மோகன்லாலின் வீடு அதுதான். பாரதப்புழை ஓரம் எடுத்த படங்களுக்குக் கணக்கே இல்லை. படம் எடுப்பது இங்கே, ஆனால் கழுவுவது? பல மலையாளப் படங்களின் நெகடிவ் சென்னை லேபுக்குத்தான் போகும். திருவனந்தபுரத்தில் அரசாங்கத்தின் சித்ராஞ்சலி ஸ்டுடியோ வந்த பிறகும் சென்னைப் பயணம் நிற்கவில்லை.

அந்த முறையைக் கொஞ்சம் பாருங்கள். 35 மி.மீ. பிலிம் 400 அடி என்றால், விநாடிக்கு 24 பிரேம் கணக்கில் சுமார் நாலரை நிமிடம் ஓடும். 1000 அடி என்றால் 11 நிமிடம். கேமரா உதவியாளர் ஒருவர் கறுப்புப் பைக்குள் இரண்டு கையையும் விட்டு, கண்ணால் பார்க்காமலே மேகசினில் பிலிம் மாட்டுவார். எடுத்து முடித்த சுருளை டப்பாவில் போட்டு, டேப் சுற்றி, மேலே படத்தின் பெயர், ரோல் நம்பர், எத்தனை அடி, எந்த வகை பிலிம் என்று எழுதுவார். கூடவே கேமரா ரிப்போர்ட் ஒன்று போகும். லேபில் அதை வைத்துச் சரிபார்ப்பார்கள்.

கணக்குப் படித்தவனுக்கு இது புதிதே இல்லை. பணக்கட்டு அனுப்பும்போது கூடவே போகும் நோட்டு விவரச் சீட்டுதான் அது!

ஆனால் அதில் ஒரு பலவீனம் உண்டு. நெகடிவ் ஒன்றே ஒன்றுதான். டப்பா வழியில் நனைந்தாலோ, லேபில் கீறல் விழுந்தாலோ, இரண்டு மூன்று நாள் கழித்து ரஷ் பார்க்கும்போதுதான் தெரியும். அதற்குள் செட்டைக் கலைத்திருப்பார்கள், நடிகர் வேறு படத்துக்குப் போயிருப்பார். ஒரு பலமும் உண்டு. எடுத்ததை யாரும் தவறுதலாக 'அழிக்க' முடியாது. ஒருமுறை ஒளி பட்ட பிலிமை அடுத்த முகூர்த்தத்துக்கு மறுபடி உபயோகிக்க முடியாதல்லவா!

மூன்றாவதாக டிஜிட்டல் வந்தது. தமிழில் பி.சி.ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' (2004), கமலின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' (2005) இரண்டும் ஆரம்ப கால டிஜிட்டல் படங்கள். மலையாளத்தில் வி.கே.பிரகாஷின் 'மூந்நாமதொராள்' 2006-இல் வந்தது. ஆனால் பெரிய மாற்றம் 2007 ஆகஸ்ட் கடைசியில் விற்பனைக்கு வந்த ரெட் ஒன் கேமராவால்தான். 4கே படம், கேமரா உடல் மட்டும் 17,500 டாலர். இந்தியப் படங்களில் அதை முதலில் பயன்படுத்தியது நம்மைப் போல வெளிநாட்டுக்குப் போன ஒரு தமிழர். அருண் வைத்தியநாதன் நியூஜெர்சியில் எடுத்த 'அச்சமுண்டு அச்சமுண்டு' 2009 ஜூலையில் வெளியானது. இரண்டே மாதத்தில் அதே கேமராவில் எடுத்த 'உன்னைப்போல் ஒருவன்' வந்தது. 2012-இல் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' படத்தை விஜய் மில்டன் கேனன் 7டி என்ற ஸ்டில் கேமராவிலேயே எடுத்துக் காட்டினார். அதே வகைக் கேமராக்கள்தான் கல்யாண ஸ்டுடியோக்களுக்கும் வந்து சேர்ந்தன.

ரெட் ஒன்னில் 8 ஜிபி கார்டு போடுவார்கள். விநாடிக்கு 28 எம்பி என்று வைத்தால் ஒரு கார்டு எவ்வளவு நேரம் வரும்? 8000-ஐ 28-ஆல் வகுத்தால் 285 விநாடி. ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கிட்டத்தட்ட அந்தப் பழைய 400 அடி சுருளேதான்!

ஆனால் சுருள் தீர்ந்தால் புதுச் சுருள் போடலாம். கார்டு தீர்ந்தால், அதே கார்டை காலி செய்து திருப்பிக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கார்டு கை மாறுகிறது. அந்தக் காலத்து யூ.எஸ்.பி. 2.0 வயரில் நடைமுறையில் விநாடிக்கு 30 எம்பி போனாலே பெரிய விஷயம். அதாவது ஒரு மணி நேரம் எடுத்ததை காப்பி செய்ய, ஏறக்குறைய இன்னொரு மணி நேரம். டைரக்டர் "அடுத்த ஷாட்" என்று கத்துவார், கார்டு காப்பி ஆகிக்கொண்டிருக்கும். இந்த அவசரத்தில்தான் தப்பு நடக்கும்.

இதற்காகவே ஒரு புது வேலை பிறந்தது. டி.ஐ.டி. என்பார்கள், டேட்டா மேனேஜர் என்றும் சொல்வார்கள். படத்தின் கேஷியர் என்று நான் சொல்வேன். அவருடைய விதிகளைப் படித்தபோது எங்கள் கிளை மேனேஜரே எழுதியது போல இருந்தது.

முதல் விதி: எடுத்து முடித்த கார்டுக்கு அடையாளம். பல யூனிட்டில் ஒரு நிற டேப் என்றால் 'உள்ளே சரக்கு இருக்கிறது, தொடாதே', இன்னொரு நிறம் என்றால் 'அழிக்கலாம்'. கோப்பின் பெயரிலேயே கேமரா எது, ரீல் எது, எத்தனையாவது கிளிப் என்று வரிசை எண் இருக்கும். நடுவில் ஒரு எண் விட்டுப்போனால், செக் புத்தகத்தில் ஒரு தாள் காணாமல் போன மாதிரி உடனே கேள்வி வரும்.

இரண்டாம் விதி: காப்பி ஆனது என்று நம்பாதே, சரிபார். கம்ப்யூட்டரில் கோப்புகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாது. கட்டுகளை எண்ணினால் போதுமா, கட்டுக்குள் நோட்டை யார் எண்ணுவது? அதற்குத்தான் செக்சம். கோப்பில் உள்ள அத்தனை எண்களையும் ஒரு கணக்கில் போட்டு ஒரு சிறு விடை எடுப்பார்கள். 1992-இல் வெளியான எம்டி5 என்ற முறையில் அந்த விடைக்கு 32 எழுத்து. கோப்பில் ஒரே ஒரு துளி மாறினாலும் விடை முழுக்க மாறிவிடும். கார்டில் எடுத்த விடையும் ஹார்ட் டிஸ்கில் எடுத்த விடையும் ஒன்றாக இருந்தால்தான் காப்பி ஆனதாக அர்த்தம். சில்வர்ஸ்டேக், ஷாட்புட் ப்ரோ போன்ற மென்பொருள்கள் இதைத் தானாகவே செய்து ரிப்போர்ட்டும் கொடுக்கும்.

மூன்றாம் விதி: குறைந்தது இரண்டு காப்பி, இரண்டும் ஒரே வண்டியில் போகக் கூடாது. போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவு. அங்கே போய் வந்தவர்களுக்கு இந்த விதியை விளக்க வேண்டியதில்லை. பெட்டகத்தின் இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்பதுதான் இது.

நான்காம் விதி: சரிபார்த்து முடித்ததாக டி.ஐ.டி. சொல்லாமல் யாரும் கார்டை அழிக்கக் கூடாது. என் தங்கச்சி கல்யாணத்தில் இல்லாமல் போனது இந்த ஒரே ஒரு விதிதான்.

கேமரா வளர வளர எடை கூடியது. 2010-இல் வந்த ஆரி அலெக்ஸாவின் ரா பதிவில் ஒரு பிரேமுக்கு 7 எம்பி. மணிக்கு சுமார் 600 ஜிபி. 2014-இல் வந்த அலெக்ஸா 65-இல் மணிக்கு 2.6 டெராபைட். நம் மலைக்கும் அலெக்ஸா வந்தது. ஆங் லீயின் 'லைஃப் ஆஃப் பை' 2011-இல் புதுச்சேரியிலும் மூணாறிலும் படமானது. முப்பரிமாணம் என்பதால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் இரண்டு கேமரா, இரட்டைப் பதிவு. 2013-இல் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கியது அந்தப் படம். தேயிலைப் பெட்டி இறங்கிய குரங்கணியில் 'மைனா' (2010) எடுத்தார்கள். 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) அந்த எல்லையில் ஏலக்காய் மூட்டை சுமந்தவர்களின் கதையையே சொன்னது. எங்கள் ஜில்லாவில் அட்டப்பாடியில் 'அய்யப்பனும் கோஷியும்' (2020) வந்தது.

மலையில் இந்த வேலை இன்னும் சிரமம். 1976 முதல் கேரளத்துக்கே மின்சாரம் கொடுக்கும் 780 மெகாவாட் நிலையம் இடுக்கியில்தான் இருக்கிறது. ஆனால் தேயிலைக் காட்டு நடுவில் ஷூட்டிங் என்றால் ஜெனரேட்டர் வண்டிதான். லைட் தேவையில்லை என்று யாராவது ஜெனரேட்டரை நிறுத்தினால், பாதி காப்பியில் டிஸ்க் நிற்கும். அதனால் டி.ஐ.டி. மேஜைக்குத் தனி யூ.பி.எஸ். மழை, பனி, ஈரம் வேறு.

பெரிய கம்பெனிகளுக்கு இதெல்லாம் நடக்காது என்று நினைக்காதீர்கள். 1998-இல் பிக்ஸாரில் ஒருவர் தவறாகக் கொடுத்த ஒரே கட்டளையில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப் எடுத்துப் பார்த்தால் அதுவும் சரியாக வேலை செய்யவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற அம்மாவின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருந்தது. அதுதான் காப்பாற்றியது. பேக்கப் இருந்தது, சரிபார்க்கத்தான் ஆளில்லை.

எடுத்த பிறகும் கதை முடிவதில்லை. அமெரிக்க ஆஸ்கர் அகாடமி 2007-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஒரு படத்தை பிலிமாக வைத்துப் பாதுகாக்க வருடத்துக்கு 1,059 டாலர், 4கே டிஜிட்டலாக வைக்க 12,514 டாலர். பிலிமைக் குளிர்ந்த அறையில் வைத்தால் போதும், டிஜிட்டலை விடாமல் புதிய சாதனத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சினிமாக்காரர்கள் நம்பும் எல்.டி.ஓ. டேப்பிலும் இதே கதை. 2010-இல் வந்த ஐந்தாம் தலைமுறை டேப்பை, 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை மெஷின் படிக்காது.

அதற்காக பிலிம் காலம்தான் பொற்காலம் என்றும் சொல்ல மாட்டேன். மலையாளத்தின் முதல் படமான, ஜே.சி.டேனியலின் 'விகதகுமாரன்' இன்று நம்மிடம் இல்லை. தமிழ்நாட்டின் முதல் கதைப்படமான நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' இல்லை. நம் ஆட்கள் பிலிமையும் தொலைத்தார்கள், கார்டையும் தொலைக்கிறார்கள். சாதனம் எதுவானாலும் பொறுப்பாக ஒரு ஆள் வேண்டும்.

நம் வீட்டில் அந்த ஆள் நாம்தான். ஊரிலிருந்து வரும் வீடியோவை போனிலேயே விட்டுவைக்காதீர்கள். மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். வருடத்துக்கு ஒருநாள் எல்லாவற்றையும் திறந்து ஓட்டிப் பாருங்கள். நான் டிசம்பர் 31 கணக்கு முடித்த மறுநாள் செய்கிறேன். பழைய கார்டை அழிப்பதற்கு முன் வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்க்க.

கல்யாண வீடியோவின் மூன்றாம் கார்டு தொடங்கும் இடத்தில் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. ஒன்பது விநாடி. அப்பா தோளில் கிடந்த துண்டில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்குகிறார். தாரை வார்த்த தண்ணீர் அது. அந்த ஒன்பது விநாடிக்கு இப்போது மூன்று காப்பி இருக்கிறது. ஒன்று என்னிடம், ஒன்று தங்கச்சியிடம், ஒன்று கொழிஞ்சாம்பாறையில் அம்மாவின் பீரோவில்.