அழுங்கல்

தொல்காப்பியத்தின் உரியியல் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கு சொற்களுக்கும் அரவம் என்று பொருள் கூறுகிறது. அடுத்து, அழுங்கல் என்பதற்கு இரக்கம், கேடு என்னும் பொருள்களும் உண்டு என்று தனியே எடுத்துரைக்கிறது. ஆண்டுதோறும் வகுப்பில் இந்நூற்பாக்களை நடத்தியும், ஓர் ஊரின் ஆரவாரம் எந்த இடத்தில் துயரமாகவும் கேடாகவும் திரிகிறது என்று நான் நெடுநாள் எண்ணிப் பார்த்ததில்லை. பாட்டி இறந்த ஆண்டில்தான் அக்கேள்வி உறைத்தது.

அது ஒரு தை மாதம். திருவிடைமருதூரில் எங்கள் தெருவில் ஏதோ விழா. மின்கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி பாட்டியின் கட்டிலுக்கு நேராக இருந்தது. கடைசி நான்கு இரவுகள் அவர் உறங்கவில்லை. "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லேன்டா" என்று இருமுறை கேட்டார். நான் போகவில்லை. ஊர் விழாவில் குறை சொன்னவன் என்ற பெயர் வந்துவிடுமே என்ற கூச்சம்.

எங்கள் ஊருக்கு ஒலி புதிதன்று. மகாலிங்கசுவாமி கோயிலின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, அங்கிருந்த நாடகசாலையையும், தைப்பூசத்தை ஒட்டியும் வைகாசித் திருவாதிரையிலும் ஆரியக்கூத்து ஆடுவதற்கு நிலம் அளிக்கப்பட்டதையும் சொல்கிறது. நாகசுரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை அருகில்தான். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நாகசுரத்தைச் செய்யும் நரசிங்கம்பேட்டையும் பக்கத்து ஊரே. ஆனால் அந்த ஒலிகளுக்கெல்லாம் மூச்சும் கையும் எல்லையாக இருந்தன. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் 48 பேரையும், உடன் உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தினான். ஐம்பது பேரும் களைத்தால் ஒலியும் ஓயும். குழாய்க்குக் களைப்பில்லை.

இதனால் பழங்காலத்தை எண்ணி ஏங்கவும் வேண்டியதில்லை. கரூர்க் கல்வெட்டு ஒன்று, வெங்கால நாட்டுக் கம்மாளர் தம் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதவும் பேரிகை கொட்டவும், காலில் செருப்பணியவும், வீட்டுக்குச் சாந்து பூசவும் அரசன் அனுமதி அளித்ததைத் தெரிவிக்கிறது. அளிக்க வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் அவ்வுரிமை இல்லை என்றுதான் பொருள். செருப்பைப் போலவே சங்கொலியும் மதிப்பின் அடையாளமாக இருந்திருக்கிறது. யார் ஒலிக்கலாம், எந்தத் தெருவில் ஒலிக்கலாம் என்பதே அன்றைய கேள்வி. ஆங்கிலேயர் இயற்றிய 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டமும் திருவிழாக்களிலும் சடங்குகளிலும் தெருவில் இசைப்பதை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காவல்துறைக்குத் தந்தது. கலகம் மூளக் கூடாது என்பதே அதன் கவலை. உள்ளே படுத்திருப்பவரைப் பற்றி அது நினைக்கவில்லை.

எவ்வளவு ஒலிக்கலாம் என்ற கேள்வி நம் சட்டத்தில் மிகப் பிந்தித்தான் நுழைந்தது. 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் இரைச்சல் ஒரு மாசாகச் சேர்க்கப்பட்டது 1987இல். 2000 பிப்ரவரியில் வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என வரம்பு கட்டின. இது சாதாரணக் கூட்டல் கணக்கு அன்று. 10 டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது. கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. விழிக்காமல் உறங்குபவருக்கும் இரைச்சலால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன; ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் இதயநோய்க்கு அது வழிவிடுகிறது. இரவில் படுக்கையறைக்குள் 30 டெசிபெல் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வரையறுத்தது.

அளவிடுதலின் அருமையைச் சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் எழுந்த ஒரு வழக்கு காட்டுகிறது. தேவாலயம் ஒன்றின் ஒலிபெருக்கியை எதிர்த்து அருகிலிருந்த குடியிருப்போர் தொடுத்த வழக்கு அது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து பார்த்தபோது, சாலையில் ஓடிய வாகனங்களும் இரைச்சலுக்குக் காரணம் என்று தெரிந்தது. பிடிக்காதவர் எழுப்பும் ஒலி நம் காதுக்குப் பெரிதாகக் கேட்கிறது. பழகிய ஒலி கேட்பதே இல்லை. கருவிக்கு இந்தச் சார்பு கிடையாது. ஆயினும் 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென எந்தச் சமயமும் சொல்லவில்லை என்று கூறி, விதி எல்லோருக்கும் ஒன்றே என நிறுவியது. 2005இல் அதே நீதிமன்றம் மேலும் சென்று, பேசும் உரிமை இருப்பதுபோல் கேட்க மறுக்கும் உரிமையும் உண்டு என்றது. இரட்டைச் சங்குக்கு அனுமதி வேண்டி நின்றவர்களின் காலத்திலிருந்து பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம்! டெசிபெல் அளவி எவருடைய குலத்தையும் சமயத்தையும் விசாரிப்பதில்லை.

ஆனால் அளவி எங்கே இருக்கிறது? 2011இல் தொடங்கிய தேசிய ஒலிக் கண்காணிப்பு வலையமைப்பு ஏழு பெருநகரங்களில் 70 நிலையங்களாக வளர்ந்தது, சென்னைக்குப் பத்து. அந்த ஏழில் காவிரிக் கரையூர் எதுவும் இல்லை. வரம்பை 10 டெசிபெல் தாண்டினால் குடிமகன் புகார் செய்யலாம் என்கிறது விதி. தாண்டியதை எங்கள் தெருவில் எதைக் கொண்டு அறிவது?

சென்ற தையில் மீண்டும் ஒரு குழாய், இம்முறை வேறொரு முதியவரின் சன்னலுக்கு எதிரே. கைபேசிச் செயலி 78 என்று காட்டியது. அது சான்றாகாது என்று அறிவேன். இருந்தும் ஒலிபெருக்கி இயக்கிய இளைஞரிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். சன்னலடியில் வந்து நின்று கேட்டவர், "நாங்க பின்னாடியே நிக்கிறோம் சார், எங்களுக்குத் தெரியறதே இல்ல" என்றார். பிறகு ஏணியைச் சாய்த்து ஏறிக் குழாயைத் திருப்பிக் கட்டினார். பத்து நிமிட வேலை. பாட்டி கேட்டதும் அவ்வளவுதான்.