எக்செல்லில் 'சர்க்குலர் ரெஃபரன்ஸ்' எச்சரிக்கை வந்தால் ஓகே கொடுத்துவிட்டுப் போகலாமா? ஒரு சம்பளக் கணக்கு சொல்லும் பதில்

திருப்பதி விமான நிலையம் இருப்பது ரேணிகுண்டாவில். அந்தப் பக்கம் செல்போன், எலக்ட்ரானிக்ஸ் பொருட்கள் தயாரிக்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆட்களை அனுப்பும் ஒரு கான்ட்ராக்டர், சம்பளப் பட்டியலை எக்செல்லில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

பட்டியலில் இரண்டு பேர். ஒருவர் பழையவர். அவருக்காக நிறுவனம் செய்யும் மாதச் செலவு, அதாவது சிடிசி, 20,000 ரூபாயிலிருந்து 21,500 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. இன்னொருவர் இன்றுதான் சேர்ந்தவர். அவருக்கும் அதே 21,500. இருவரின் வரிசையிலும் ஒரே ஃபார்முலாதான். ஆனால் பழையவருக்கு இஎஸ்ஐ உண்டு என்கிறது ஷீட், புதியவருக்கு இல்லை என்கிறது.

ஆட்கள் கற்பனை. கணக்கில் வரும் விகிதங்கள் நிஜம். நீங்களே எக்செல்லில் போட்டுப் பார்க்கலாம். இப்படி ஏன் நடக்கிறது என்று புரிய, ஷீட் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த செல்லை முதலில் கணக்கிடுவது?

மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் என்று நாம் படிக்கிற வரிசையில்தான் எக்செல்லும் கணக்கிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 1979-ல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த விசிகால்க், வரிசை வரிசையாகவோ பத்தி பத்தியாகவோதான் கணக்கிடும். மேலே உள்ள செல் கீழே உள்ள செல்லின் விடையை நம்பியிருந்தால், முதல் தடவை தப்பான விடை வரும். மறுபடி ஒரு தடவை கணக்கிடச் சொல்ல வேண்டும்.

1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 இதை மாற்றியது. எந்த செல் எதை நம்பியிருக்கிறது என்று பார்த்து, நம்பப்படுவதை முதலில் கணக்கிட்டது. இன்றைய எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாமே இந்த வழியில்தான் போகின்றன. அரிசியை ஊற வைக்காமல் மாவு அரைக்க முடியாது, மாவு இல்லாமல் இட்லி ஊற்ற முடியாது. சமையல் குறிப்பைத் தலைகீழாக எழுதி வைத்தாலும் வேலை நடக்கும் வரிசை அதேதான். ஷீட்டிலும் அப்படித்தான்.

ஒரு எண்ணை மாற்றினால் முழு ஷீட்டும் மறுபடி கணக்கிடப்படுமா?

இல்லை. நீங்கள் ஒரு செல்லை மாற்றியதும், அதை நம்பியிருக்கும் செல்களையும், அவற்றை நம்பியிருக்கும் மற்ற செல்களையும் எக்செல் 'பழசாகிவிட்டது' என்று குறித்துக்கொள்ளும். அவற்றை மட்டும் திரும்பக் கணக்கிடும். ஆயிரக்கணக்கான வரிசைகள் இருந்தும் விடை உடனே வருவது இதனால்தான்.

சில ஃபங்ஷன்கள் விதிவிலக்கு. டுடே, நவ், ரேண்ட், ஆஃப்செட், இன்டைரக்ட் போன்றவை ஒவ்வொரு கணக்கீட்டின்போதும் திரும்ப ஓடும். இவை நிறைய இருந்தால் ஷீட் மெதுவாகிவிடும். மெதுவாகிறதே என்று சிலர் கணக்கீட்டை 'மேனுவல்' ஆக்கிவிடுவார்கள். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மேனுவலில் நீங்கள் எண்ணை மாற்றினாலும், எஃப்9 தட்டும் வரை பழைய விடையே திரையில் நிற்கும். அதோடு, இந்த அமைப்பு அந்த ஒரு ஃபைலோடு முடிவதில்லை. எக்செல்லில் முதலில் திறக்கும் ஃபைல் மேனுவலில் இருந்தால், அதற்குப் பிறகு திறக்கும் ஃபைல்களும் மேனுவலில்தான் ஓடும். வேறொருவர் அனுப்பிய ஃபைலைத் திறந்த நாளில் உங்கள் கணக்கு நின்றுபோனால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அப்போ சர்க்குலர் ரெஃபரன்ஸ் என்றால்?

ரேணிகுண்டா ஒரு பெரிய ஜங்ஷன். சென்னை, மும்பை, கூடூர், திருப்பதி பக்கத்துப் பாதைகள் அங்கே சேருகின்றன. 'அந்த ரயில் வந்த பிறகுதான் இது கிளம்பும்' என்று ஒரு ரயிலுக்கும், 'இந்த ரயில் கிளம்பிய பிறகுதான் அது வரும்' என்று இன்னொரு ரயிலுக்கும் உத்தரவு போட்டால் என்ன ஆகும்? இரண்டுமே நகராது. ஒரு செல் தன் விடைக்காக, நேரடியாகவோ வேறு செல்கள் வழியாகவோ, தன்னையே நம்பியிருப்பதுதான் சர்க்குலர் ரெஃபரன்ஸ். எதை முதலில் கணக்கிடுவது என்று வரிசை போடவே முடியாது.

இந்த நிலையில் எக்செல் எச்சரிக்கை காட்டும். அதை மூடினால் செல்லில் பூஜ்யமோ கடைசியாக வந்த பழைய விடையோ நிற்கும். கூகுள் ஷீட்ஸ் 'ரெஃப்' பிழையையும், லிப்ரே ஆபீஸ் 522 என்ற பிழை எண்ணையும் காட்டும்.

பெரும்பாலும் இது வெறும் கைத்தவறு. பத்தாவது வரிசையில் கூட்டுத்தொகை போடும்போது, கூட்ட வேண்டிய வரம்பில் பத்தாவது வரிசையையும் சேர்த்துவிடுவோம். வரம்பைச் சரிசெய்தால் போதும், அவ்வளவுதான். ஆனால் சில கணக்குகளில் சுற்று உண்மையிலேயே இருக்கும். இஎஸ்ஐ அதில் ஒன்று.

சம்பளக் கணக்கில் சுற்று எங்கே வருகிறது?

2019 ஜூலையிலிருந்து இஎஸ்ஐ பங்களிப்பு, முதலாளி தரப்பில் ஊதியத்தில் 3.25%, தொழிலாளி தரப்பில் 0.75%. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். இந்த வரம்பு 2017 ஜனவரியில் வந்தது. எளிமைக்காக, பிஎஃப் போன்றவற்றை விட்டுவிட்டு, மொத்தச் சம்பளம் முழுவதும் இஎஸ்ஐ ஊதியம் என்று எடுத்துக்கொள்வோம்.

கான்ட்ராக்டர் சிடிசியை முதலில் முடிவு செய்துவிடுகிறார். அதனால் ஷீட்டில் இரண்டு ஃபார்முலா வருகிறது. சம்பளம் என்பது சிடிசியிலிருந்து முதலாளியின் இஎஸ்ஐயைக் கழித்தது. இஎஸ்ஐ என்பது சம்பளம் 21,000-க்குள் இருந்தால் அதில் 3.25%, இல்லாவிட்டால் பூஜ்யம். சம்பளம் தெரிய இஎஸ்ஐ வேண்டும், இஎஸ்ஐ தெரிய சம்பளம் வேண்டும்.

எச்சரிக்கை வந்ததும் யாராவது ஒருவர் சொல்வார்: "ஆப்ஷன்ஸ்ல போய் இட்டரேட்டிவ் கால்குலேஷனை டிக் பண்ணுங்க, சரியாயிடும்." டிக் செய்தால் எச்சரிக்கை மறைந்துவிடும், விடையும் வந்துவிடும்.

அந்த டிக் என்ன செய்கிறது?

செல்லில் இப்போது இருக்கும் எண்ணை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் கணக்கிடச் சொல்கிறது. எக்செல்லில் வழக்கமான அமைப்பு, அதிகபட்சம் 100 சுற்று. ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 0.001-க்குக் கீழே போனால் அதற்கு முன்பே நின்றுவிடும்.

பழையவரின் வரிசையைப் பாருங்கள். சிடிசி 20,000 ஆக இருந்தபோது இஎஸ்ஐ செல்லில் 629.54 இருந்தது. சிடிசியை 21,500 ஆக்கியதும் சம்பளம் 20,870.46 ஆகிறது. இது 21,000-க்குள் இருப்பதால் இஎஸ்ஐ 678.29 ஆகிறது. அடுத்த சுற்றில் சம்பளம் 20,821.71. இன்னும் சில சுற்றுகளில் சம்பளம் 20,823.24, இஎஸ்ஐ 676.76 என்று நிலைத்துவிடும்.

புதியவரின் வரிசையில் ஆரம்பத்தில் ஒன்றுமில்லை, அதாவது இஎஸ்ஐ பூஜ்யம். எனவே சம்பளம் 21,500. வரம்பைத் தாண்டிவிட்டதால் இஎஸ்ஐ மறுபடி பூஜ்யம். எத்தனை சுற்று போனாலும் அங்கேயே நிற்கும்.

எது சரியான விடை? கணக்குப்படி இரண்டுமே சரி. 21,000-க்கு மேல் 21,682.50 வரையிலான எந்த சிடிசிக்கும் இப்படி இரண்டு விடை உண்டு. செல்லில் முன்பு என்ன எண் இருந்தது என்பதைப் பொறுத்து ஷீட் ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பழையவர் கையில் வாங்குவது, தன் பங்கான சுமார் 156 ரூபாய் போக, சுமார் 20,667 ரூபாய். புதியவருக்கு சுமார் 833 ரூபாய் அதிகம். ஆனால் புதியவருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்துக்கும் இஎஸ்ஐ மருத்துவம் இல்லை. நோயில் படுத்தால் 91 நாள் வரை கிடைக்கும் 70% ஊதியமும் இல்லை. இதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. ஒரு டிக் முடிவு செய்திருக்கிறது.

வேறு என்ன ஆபத்து?

அந்த டிக், உண்மையான சுற்றையும் கைத்தவறையும் ஒன்றாகவே நடத்தும். முன்பு சொன்ன கூட்டுத்தொகை தன்னையே கூட்டினால் இனி எச்சரிக்கை வராது. 5,000 என்று வரவேண்டிய தொகை 100 சுற்றில் 5,00,000 ஆகும். எஃப்9 தட்டினால் இன்னும் ஏறும். சுற்றுக்குள் ஒரு தடவை பிழை நுழைந்துவிட்டாலும் தொல்லைதான். சிடிசி செல்லில் தவறுதலாக எழுத்து அடித்து, பிறகு திருத்தினாலும், சம்பளமும் இஎஸ்ஐயும் ஒன்றின் பிழையை ஒன்று எடுத்துக்கொண்டே இருக்கும். ஃபார்முலாவை அழித்துத் திரும்பப் போட்டால்தான் போகும். இந்த டிக்கும் மேனுவல் அமைப்பு போலவே, முதலில் திறந்த ஃபைலிலிருந்து மற்றவற்றுக்குப் போகும்.

சுற்றை எப்படி உடைப்பது?

வணிகவியல் படித்தவர்களுக்கு வழி ஏற்கெனவே தெரியும். 'கமிஷனைக் கழித்த பின் உள்ள லாபத்தில் மேலாளருக்கு 10% கமிஷன்' என்ற கணக்கைப் போட்டிருப்பீர்கள். கமிஷன் தெரிய லாபம் வேண்டும், லாபம் தெரிய கமிஷன் வேண்டும். நாம் 100 தடவை சுற்றவில்லை. 110-ல் 10 பங்கு என்று ஒரே அடியில் போட்டோம். கமிஷனுக்கு முன் லாபம் 1,10,000 என்றால் கமிஷன் 10,000.

இஎஸ்ஐயிலும் அதேதான். வரம்புக்குள் வருபவர் என்றால், சிடிசியை 1.0325 ஆல் வகுத்தால் சம்பளம் வந்துவிடும். 21,500-க்கு 20,823.24. சுற்றும் இல்லை, டிக்கும் தேவையில்லை.

ஆனால் இவர் வரம்புக்குள் வருபவரா என்பதை ஷீட் சொல்ல முடியாது. அதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். இஎஸ்ஐ சட்டம் பார்ப்பது சிடிசியை அல்ல, ஊதியத்தை. எனவே சம்பளத்தை முதலில் எழுதுங்கள். அதிலிருந்து இஎஸ்ஐ வரட்டும், இரண்டையும் கூட்டினால் சிடிசி வரட்டும். பங்களிப்புக் காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று இரண்டு. காலத்தின் தொடக்கத்தில் உள்ளே இருந்தவர், நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை உள்ளேதான். அதனால் 'இஎஸ்ஐ உண்டு / இல்லை' என்று கையால் நிரப்பும் ஒரு பத்தி தனியாக இருப்பது நல்லது.

உங்கள் ஷீட்டில் இப்போதே பார்க்க வேண்டியவை

• எக்செல்லில் ஃபார்முலாஸ் பகுதியில், எரர் செக்கிங்கின் கீழ் 'சர்க்குலர் ரெஃபரன்சஸ்' இருக்கிறது. சுற்றில் உள்ள செல்லின் முகவரி அங்கே தெரியும். இட்டரேஷன் டிக் போட்டிருந்தால் தெரியாது. எனவே முதலில் டிக்கை எடுங்கள்.

• கணக்கீடு 'ஆட்டோமேட்டிக்'கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

• 3.25, 0.75, 21,000 போன்ற எண்களை ஃபார்முலாவுக்குள் புதைக்காமல் தனி செல்களில் வையுங்கள். அரசு அறிவிப்பு வந்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

• சம்பளம் வாங்குபவராக இருந்தால், உங்கள் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளம் 21,000-ஐ ஒட்டி இருந்து பிடித்தம் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கணக்குப் பிரிவில் கேளுங்கள். 'சிஸ்டம் அப்படித்தான் காட்டுது' என்று பதில் வந்தால், ஃபார்முலாவைக் காட்டச் சொல்லுங்கள்.