இரண்டு முப்பத்துமூன்று ஆண்டுகள்

பெர்டினான் ஷெவாலையும் சைமன் ரோடியாவையும் தனித்தனியே அறிந்தவர்கள் உண்டு. அருகருகே நிறுத்திப் பார்த்தால் முதலில் வியக்க வைப்பவை ஆண்டுக் கணக்குகள்தாம். பிரான்சின் ஓட்ரீவ் கிராமத்துத் தபால்காரர் ஷெவால், கற்களால் தாமே கட்டிய மாளிகைக்கான வேலையைத் தொடங்கியது 1879இல். இத்தாலியில் ரோடியா பிறந்ததும் அதே ஆண்டில்தான். தொடங்கும்போது ஷெவாலுக்கு வயது 43. லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் 1921இல் தம் கோபுரங்களைத் தொடங்கியபோது ரோடியாவுக்கு 42. ஷெவால் 1912இல் முடித்தார், ரோடியா 1954இல் முடித்தார். இருவருக்கும் பிடித்தது 33 ஆண்டுகள்.

இந்த ஒற்றுமை தற்செயல். தற்செயல் என்று தள்ளிவிட முடியாத ஒற்றுமை வேறொன்று இருக்கிறது. பிழைப்பை விட்டுவிட்டு இலட்சியத்தைத் தேடி இருவருமே புறப்படவில்லை. பிழைப்பின் நடுவிலேயே அதைக் கண்டெடுத்தார்கள். நாள்தோறும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நடந்து கடிதம் கொடுத்தவர் ஷெவால். காலில் இடறிய ஒரு விசித்திரக் கல்தான் அவரது தொடக்கம். முதலில் சட்டைப் பையில் கற்களைச் சேர்த்தார், பிறகு கூடையில், பிறகு தள்ளுவண்டியில். ரோடியாவுக்கோ கட்டட வேலையும் டைல்ஸ் ஒட்டும் வேலையும் பிழைப்பு. மற்றவர்கள் குப்பையில் எறிந்த ஓட்டுச் சில்லு, உடைந்த பீங்கான், பச்சை நிற 7அப் பாட்டில், கிளிஞ்சல் எல்லாம் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. முன்னவருக்கு வழியே சுரங்கம், பின்னவருக்கு ஊரின் கழிவே சரக்கு. ‘நேரம் கிடைத்தால் செய்வேன்’ என்று நாம் ஒத்திப்போடும் திட்டங்களோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். எப்படியும் நடக்கப்போகிற நடையிலிருந்தும், எப்படியும் செய்யப்போகிற கூலி வேலையிலிருந்தும் இவர்களின் குறிக்கோள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது.

செய்முறையிலும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கிறார்கள். கட்டடக் கலை படிக்காத இருவரும், இரும்பை உள்ளே வைத்து மேலே கலவை அப்பும் முறைக்குத் தம் போக்கிலேயே வந்து சேர்ந்தார்கள். ஆனால் வேலை நகர்ந்த விதம் வேறு. ஷெவால் ஒரே முகப்பில் உட்கார்ந்துவிடுபவர். ஓர் ஊற்றில் தொடங்கிய கிழக்கு முகப்பு மட்டும் 20 ஆண்டுகளை விழுங்கியது. பகலில் தபால், இரவில் எண்ணெய் விளக்கடியில் கல்லும் சுண்ணாம்பும்.

ரோடியா மேல்நோக்கிப் போனவர். அவர் வேலை செய்ததைச் சற்றுக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். பக்கத்து ரயில் தண்டவாளத்தின் அடியில் இரும்புக் கம்பியைச் செருகி, உடல் பலத்தாலேயே வளைப்பார். வளைத்ததைக் கம்பியால் கட்டி, வலை சுற்றி, சிமெண்ட் கலவையைப் பூசி, ஈரம் காய்வதற்குள் சில்லுகளைப் பதிப்பார். போல்ட் இல்லை, வெல்டிங் இல்லை, சாரமும் இல்லை. இடுப்பில் ஒரு வார், கையில் ஒரு வாளி. முன்பு பூசி இறுகிய வளையத்தின்மேல் காலூன்றித்தான் அடுத்த வளையத்தைக் கட்டினார். உயரமான கோபுரம் ஏறத்தாழ 30 மீட்டர். வேறு ஏணி கிடையாது என்பதால், முடித்த வேலை உறுதியாக இருந்தால்தான் அடுத்த வேலை. அவசரப்படுத்த வழியே இல்லாத முறை இது. பொறுமையை அவர் எங்கிருந்தும் வரவழைத்திருக்கத் தேவையில்லை என்று எனக்குப் படுகிறது. வேலையே அதைக் கட்டாயமாக்கியது.

நான் சற்றும் எதிர்பாராத உறவு கருவிகளில் தெரிந்தது. ஷெவால் தம் தள்ளுவண்டிக்கு மாளிகைக்குள்ளேயே ஒரு மாடம் அமைத்து, சாமியை வைப்பதுபோல வைத்தார். ரோடியா தம் சுத்தியல் முதலிய கருவிகளை ஈரக் கலவையில் அழுத்தி, அவற்றின் அச்சைச் சுவரில் விட்டார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்காமலே இருவரும் கொண்டாடிய ஆயுத பூஜை! முடிந்த பொருளில் மட்டுமே பெருமை கொள்பவர் கருவியைக் கொட்டகையில் போட்டுவிடுவார். இவர்கள் உழைத்த விதத்தையும் காட்சிக்கு வைத்தார்கள்.

கணக்கு வைப்பதில்தான் பாதை பிரிகிறது. ஷெவால் சுவரிலேயே கணக்கைப் பொறித்தார்: 10,000 நாள், 93,000 மணி நேரம், 33 ஆண்டுச் சோதனை. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் வருகிறது. 1896இல் ஓய்வு பெறும்வரை தபாலும் சுமந்த மனிதருக்கு அவ்வளவு நேரம் ஏது என்று கேட்கத் தோன்றும். கணக்கில் கொஞ்சம் கவிதை கலந்திருக்கலாம். ரோடியா இப்படி மணிக்கணக்கு எதையும் பொறிக்கவில்லை. தம் பெயரின் முதலெழுத்துகளையும், படைப்புக்கு ஸ்பானிய மொழியில் தாம் இட்ட ‘நம் ஊர்’ என்னும் பெயரையும் பதித்ததோடு சரி.

முடிவுகளும் எதிரெதிர். ஷெவால் தம் மாளிகையிலேயே புதைக்கப்பட விரும்பினார், சட்டம் இடம் தரவில்லை. 78 வயதில் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் தமக்கொரு சமாதியைக் கட்டத் தொடங்கி, எட்டு ஆண்டுகளில் முடித்தார். ரோடியா 1955இல் நிலத்தை அண்டை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வடக்கே மார்டினெஸுக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. கோபுரங்களை இடிக்க நகராட்சி ஆணையிட்டதும், 1959இல் 10,000 பவுண்டு இழுவிசை கொடுத்துச் சோதித்தபோது கோபுரம் அசையாமல் நின்றதும் அவர் இல்லாதபோது நடந்தவை.

ரோடியாவின் இந்த விலகலைப் பற்றறுத்த ஞானம் என்று புகழ்வது வழக்கம். எனக்கு அதில் தயக்கம் உண்டு. அக்கம்பக்கத்தாரின் தொல்லையும் களைப்பும் அவரைத் துரத்தின என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். புகழுக்கும் நினைவுச் சின்னத்துக்கும் ஆசைப்பட்டவர் என்று ஷெவாலைச் சற்றுக் குறைத்து மதிப்பதும் நியாயமாகத் தெரியவில்லை. இலக்கை எட்டிய பிறகும், எழுபத்தெட்டு வயதில், மறுபடி தள்ளுவண்டியைத் தள்ளக் கிளம்பியவர் அவர். தொடங்கும் துணிவில் இருவரும் சமம். விட்டுச் செல்வதில் ரோடியா பெரியவர். வேலையை ரசித்தவர் யார் என்று கேட்டால், என் தீர்ப்பு தபால்காரருக்கே.